தண்ணீரைப் பார்த்துச் செடி வாங்குங்கள்: நெல்லைச் சீமை வீட்டுத் தோட்டத்துக்கான புதர்ச்செடிகள்

செடி வாங்க நர்சரிக்குப் புறப்படும் முன் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள் என்பதே நெல்லைச் சீமையில் தோட்டம் போட விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது. தோட்டக்கலைப் புத்தகங்கள் மண்ணிலிருந்து தொடங்குகின்றன. ஆனால் வீட்டுத் தோட்டத்து மண்ணை நான்கு கூடை தொழுவுரம் போட்டு, மேடு கட்டி, ஓரளவு நம் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆழ்துளைக் கிணற்றில் ஊறும் உப்பை அப்படி வழிக்குக் கொண்டுவர இயலாது. நம் சமவெளிக்கு மழை என்று சொல்லும்படி கிடைப்பது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொண்டு, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்துக்குச் சாரலையும் மற்றவர்களுக்கு வெறுங்காற்றையும் விட்டுவைக்கிறது. ஆகவே வருடத்தில் பாதிக்கு மேல் செடி குடிப்பது நாம் ஊற்றும் தண்ணீரைத்தான். அது தாங்காத செடியை எந்த மண்ணில் வைத்தும் பயனில்லை.

தண்ணீரை அளப்பது பெரிய காரியமில்லை. குடிநீர் சுத்திகரிப்புக் கருவியைப் பழுதுபார்க்க வருகிறவர் கையில் பேனா அளவில் ஒரு டிடிஎஸ் மீட்டர் இருக்கும். அதை ஒரு டம்ளர் தண்ணீரில் நனைத்தால் கரைந்திருக்கும் உப்பின் அளவு தெரிந்துவிடும். லிட்டருக்கு ஏறத்தாழ 450 மில்லிகிராமுக்குள் இருந்தால் எந்தச் செடியையும் உப்பு பற்றிய கவலையின்றி வைக்கலாம். அதற்கு மேல் 2000 வரை உள்ள நீருக்குத் தாங்கும் செடிகளாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். 2000-ஐத் தாண்டிவிட்டால், உப்பில் பழகிய ஒரு சில செடிகளைத் தவிர மற்றவற்றுக்கு ஆசைப்படாமலிருப்பது நல்லது. தாமிரபரணியிலிருந்து நகராட்சிக் குழாயில் வரும் நீரும், அதே வீட்டின் புறவாசலில் இருக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஒன்றல்ல என்பதை நாக்கே சொல்லிவிடும். ஆனால் செடிக்கு எதை ஊற்றப்போகிறோம் என்பதில் நம்மில் பலர் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். ஆற்றுத் தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒரு முறைதான் வருகிறது என்றால் அது சமையலுக்கும் குடிக்கவுமே போய்விடும். தோட்டத்துக்குக் கிடைப்பது மோட்டார் போட்டு எடுக்கும் நீர்தான். அளக்க வேண்டியதும் அதைத்தான்.

உப்பு மிகுந்த நீருக்கு அரளி, காகிதப்பூ, சங்கங்குப்பி ஆகிய மூன்றையும் தைரியமாக வைக்கலாம். சங்கங்குப்பி கடலோரத்தில் தானாக வளரும் செடி. கத்தரித்துவிட்டால் அடர்ந்த பச்சை வேலியாகி நிற்கும். உவரி, இடிந்தகரை போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்றையும் உப்புத் தண்ணீரையும் ஒருசேரத் தாங்கக்கூடிய வேலிச்செடி இதைவிட வேறில்லை என்பது என் எண்ணம். நொச்சியும் மாதுளையும் நடுத்தரமான உப்பைப் பொறுத்துக்கொள்ளும். ரோஜா, எலுமிச்சை, இட்லிப்பூ மூன்றும் பொறுக்காது. இலையின் ஓரம் மட்டும் நெருப்பில் காட்டியதுபோல் பழுப்பாகக் காய்ந்து, நடுப்பகுதி பச்சையாகவே இருக்குமானால் பெரும்பாலும் அது உப்பின் வேலை. தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேற்பரப்பிலும் வெள்ளைப் பூப்பு படிந்திருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. சுத்திகரிப்புக் கருவி கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு ஊற்றுகிறவர்கள், மூலத் தண்ணீரில் இருந்ததைவிடச் செறிவான உப்பைச் செடிக்குக் கொடுக்கிறோம் என்பதை உணர வேண்டும். அந்த நீர் வாசல் கழுவத்தான் ஆகும்.

உப்பு நீரையே ஊற்ற வேண்டியிருந்தால், நாள்தோறும் ஒரு குவளை தெளிப்பதைவிட, இலையில் படாமல் வேர்ப்பகுதியில் வாரத்துக்கு இரண்டு முறை ஆழ நனையும்படி விடுவது நல்லது. வேரைச் சுற்றிச் சேரும் உப்பு அப்போதுதான் கீழே இறங்கும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது தமிழ்நாட்டு வீடுகளில் பொருத்திய குழாய்கள் பல இன்று எங்கே முடிகின்றன என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் ஒரு குழாயைச் செடிப் பாத்திப் பக்கம் திருப்பிவிட்டால், ஐப்பசி மழை ஒரு வருட உப்பைக் கழுவித் தரும்.

மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பது

தண்ணீர் தெரிந்தபின் மண்ணுக்கு வரலாம். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, கல்லைப் பொறுக்கிவிட்டு, நனைத்துப் பிசைந்து உருட்டிப் பாருங்கள். உருண்டையே பிடிக்காமல் விரலிடுக்கில் உதிர்ந்தால் அது மணற்பாங்கு. உருண்டை பிடித்து, கட்டைவிரலால் நீட்டும்போது சிறிது தூரத்தில் முறிந்தால் நடுத்தரமான மண். இரண்டு அங்குலத்துக்கும் மேல் நாடாவைப்போல் முறியாமல் நீண்டு, கையைக் கழுவும்போது வழவழவென்று விட மறுத்தால் அது களி. அடுத்ததாக, காய்ந்த மண்ணில் ஒரு தேக்கரண்டி எடுத்து அதன்மேல் வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துச் சீறினால் மண்ணில் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது என்று பொருள். இது விளையாட்டாகத் தோன்றினாலும், இட்லிப்பூ வாங்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்க இந்த ஒரு தேக்கரண்டி மண் போதும். துல்லியமாக அறிய விரும்புகிறவர்கள் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுத்துக் கார அமில நிலையையும் உப்பின் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

நீர் வடிவதைச் சோதிக்க ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் குழி வெட்டி, நீர் நிரப்பி வடிய விட்டு, மறுபடியும் நிரப்பி, இரண்டாவது தடவை வடிவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். காய்ந்த கரிசலில் முதல் குடம் வெடிப்புக்குள் ஓடி ஒளிந்து, மண் நன்றாக வடிகிறது என்ற பொய்யான எண்ணத்தைக் கொடுத்துவிடும். இரண்டாவது முறை மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் நல்லது. மறுநாள் காலையிலும் நீர் நின்றால், அந்த இடத்தில் மேடு கட்டாமல் எதையும் வைக்கக் கூடாது.

கோவில்பட்டி, கயத்தாறு, சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசலில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. குழி வெட்டி, அதில் செம்மண்ணும் மணலும் நிரப்பி, செடியை நட்டுவிட்டு, நல்ல மண் கொடுத்துவிட்டதாக நிம்மதி அடைகிறார்கள். சுற்றியிருப்பது களிமண் என்பதால் மழைக்காலத்தில் அந்தக் குழி அடைத்துவைத்த தொட்டியாகி, வேர் மூச்சுவிட முடியாமல் அழுகுகிறது. குழிக்குப் பதிலாக, இருக்கும் மண்ணையே தொழுவுரத்துடன் கொத்திக் கலந்து, ஓர் அடி உயரம், மூன்று அடி அகலத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும். கோடையில் மண் வெடித்து வேரை அறுக்காமலிருக்க, மேட்டின்மேல் சருகு, வைக்கோல், நெல் உமி என்று எது கிடைக்கிறதோ அதை மூன்று விரற்கடை கனத்துக்குப் பரப்பிவிடலாம். தண்டைத் தொடாமல் மட்டும் இடைவெளி விட வேண்டும். கரிசலுக்கு ஆவாரை, நொச்சி, மாதுளை, செவ்வரளி, மயில்கொன்றை ஆகியவை ஏற்றவை. ஆவாரையைத் தோட்டத்தில் வைக்கச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், ஏனென்றால் அது சாலையோரத்தில் சும்மா கிடக்கும் செடி. ஆனால் இலை உதிர்ந்த காட்டுக்கு நடுவே பொன்மஞ்சளாகப் பூத்து நிற்கும் அதே செடியைக் காம்பவுண்டுக்குள் வருடம் ஒரு முறை கத்தரித்து வளர்த்தால், விலை கொடுத்து வாங்கிய எந்த மஞ்சள் பூவுக்கும் அது குறைந்ததில்லை.

சுண்ணாம்பு மண்ணைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தாழையூத்தில் 1949-இல் சிமெண்ட் ஆலை வந்ததே அங்கே பூமிக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். அந்தச் சுற்றுவட்டாரத்திலும், தோண்டினால் சுக்கான் கல் வரும் வேறு இடங்களிலும் இட்லிப்பூச் செடி மஞ்சளாகிப் போவதை எளிதில் காணலாம். கீழேயுள்ள முதிர்ந்த இலைகள் பச்சையாக இருக்கும்; நுனியில் விரியும் இளம் இலைகள் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரியும். முற்றினால் தளிர் வெள்ளையாகவே வந்து நுனி கருகும். இது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமலில்லை, சுண்ணாம்பின் காரத்தால் வேருக்கு எட்டாத உருவத்தில் இறுகிக் கிடக்கிறது. ஆகவே அன்னபேதி எனும் இரும்பு உப்பை (ஃபெரஸ் சல்பேட்) மண்ணில் கொட்டினாலும் அதுவும் இறுகித்தான் போகும். ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலைமேல் தெளித்தால் பச்சை திரும்பும். மல்லிகைக்கும் இதே மருந்துதான். ஆனால் புதுத் தளிர் வரும்போதெல்லாம் தெளித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதால், இட்லிப்பூவின்மேல் தீராத ஆசை உள்ளவர்கள் அதைப் பெரிய தொட்டியில் செம்மண்ணும் இலைமக்கும் நிரப்பி, மழைநீரோ ஆற்றுநீரோ ஊற்றி வளர்ப்பதே அறிவுடைமை. தரையில் நடுவதற்கு, சுண்ணாம்பைப் பெரிதாகப் பொருட்படுத்தாத மாதுளையோ அரளியோ இருக்கிறது.

திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துத் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளில் நிலைமை நேர்மாறானது. அங்கே நீர் நிற்காது. உரமும் நீருடனேயே கீழே போய்விடும். குளத்தில் அள்ளிய கரம்பை எனும் வண்டல் மண்ணை ஒரு செடிக்கு இரண்டு கூடை வீதம் அகலமாகக் கலந்துவிட்டால் மணல் சற்றே ஈரம் பிடிக்கும். களா, மருதாணி, ஆவாரை, பாலைவன ரோஜா ஆகியவை தேரிக்கு இசைந்தவை. ஆலங்குளம், பாவூர்சத்திரம் போன்ற செம்மண் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு, நல்ல தண்ணீரும் இருந்தால் அவர்கள் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம்.

ஆற்றுப் பாசன ஊர்களுக்கு ஒரே எச்சரிக்கை. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் ஆகியவற்றின் கரையோர வீடுகளில், பிசானம் எனும் பின்பருவ நெல்லுக்கு நீர் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும். கோடையில் வெட்டிப் பார்த்த குழி இதைக் காட்டாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவான அந்த மழையில், உங்கள் தெருவில் நீர் எத்தனை நாள் நின்றது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீர் தேங்கும் மூலையில் கறிவேப்பிலையையோ மாதுளையையோ வைக்க வேண்டாம். தாழை அந்த இடத்துக்குச் சரியான செடி, ஆனால் அதன் முள்ளுக்கும் பரப்புக்கும் இடம் வேண்டும்.

வெயிலும் காற்றும்

வீட்டின் வடக்குப்புறம் எப்போதும் நிழல் என்று வேறு தேசங்களுக்கு எழுதிய புத்தகங்களைப் படித்துவிட்டுச் சொல்கிறவர்கள் உண்டு. திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் சமயத்தில் உச்சி வெயில் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதன்பின் வடக்கே சாய்ந்து, ஆவணி நடுவில்தான் மறுபடியும் தலைக்கு மேல் திரும்புகிறது. அந்த நான்கரை மாதமும் நண்பகல் வெயில் வடக்குச் சுவரில்தான் விழுகிறது. தெற்குச் சுவரோரம் ஒரு சிறு நிழல் கிடைக்கிறது. மார்கழியில் வெயில் நன்றாகத் தெற்கே சாய்வதால் எல்லாம் தலைகீழாகும். மார்கழியில் பார்த்துவிட்டு நிழலென்று நம்பி வடக்குப்புறம் வைத்த கனகாம்பரம் வைகாசியில் துவள்வதற்கு இதுவே காரணம். ஆகவே வீட்டைச் சுற்றி நிழல் விழும் இடத்தைச் சித்திரைக்குப் பிறகு ஒரு நாளும், மார்கழியில் ஒரு நாளும், காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் பார்த்து, சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டுக்கொள்வது நல்லது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் வடக்கையும் தெற்கையும் பாதி நிழல் என்று கொண்டு, மேற்குச் சுவரை மட்டும் கொடும் வெயில் என்று ஒதுக்கிவிடலாம்.

மேற்குச் சுவர் பிற்பகல் முழுவதும் காய்ந்து, இரவிலும் சூட்டைக் கக்கும் இடம். அங்கே காகிதப்பூவை விட்டால் போதும். அதற்கு வெயிலும் வேண்டும், சற்றுத் தாகமும் வேண்டும். நாள்தோறும் நீர் ஊற்றிச் செல்லமாக வளர்த்தால் நீளநீளமாகக் கொப்பு விட்டுப் பச்சை இலையாக நிற்குமே தவிர பூக்காது. செம்பருத்திக்கு நல்ல வெயிலும் நல்ல நீரும் வேண்டும், கூடவே மாவுப்பூச்சி பிடித்த கொப்பை ஒடித்துப் போடும் கண்காணிப்பும் வேண்டும். கிழக்கு வாசலில், மதியத்துக்குப் பின் நிழல் விழும் இடத்தில், நந்தியாவட்டை, கனகாம்பரம், டிசம்பர் பூ மூன்றும் சுகமாக இருக்கும். மரத்தடி அரைநிழலுக்கு ஆடாதோடையை வைக்கலாம். பூவுக்காக வைப்பதல்ல, ஆடு கடிக்காது, மழைக்காலத்து இருமலுக்கு இலை கையெட்டும் தூரத்தில் இருக்கும்.

காற்றை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் ஆனி, ஆடிக் காற்று பணகுடி, வள்ளியூர், காவல்கிணறு வழியாக வீசும் வேகத்துக்குச் சாலையின் இருபுறமும் நிற்கும் காற்றாலைகளே சாட்சி. செங்கோட்டைக் கணவாய்க் காற்றுக்குக் கயத்தாறு வரை கை நீளும். மழையில்லாத அந்தக் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாது. அகலமான, மெல்லிய இலையுள்ள செடிகள் கிழிந்து தொங்கும். இங்கே முதலில் வைக்க வேண்டியது பூச்செடி அன்று, காற்றுத் தடுப்பு. உயரமான காம்பவுண்டுச் சுவர் காற்றைத் தடுக்கும் என்று நினைப்பது பாதிதான் சரி; சுவரைத் தாண்டிய காற்று உடனே கீழிறங்கிச் சுழன்று அடிக்கும். ஊடே காற்றைக் கொஞ்சம் கசியவிடும் செடிவேலி, தன் உயரத்தைப்போல் சுமார் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகத்தைத் தணிக்கும். விராலி, நொச்சி, அரளி மூன்றையும் மேற்குப் பக்கமாக இரண்டு வரிசையில், ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று வரும்படி, மூன்றடிக்கு ஒன்றாக நட்டு, இடுப்புயரத்தில் ஒரு முறை கத்தரித்து அடர விட்டால் இரண்டு மூன்று வருடத்தில் அதன் மறைவில் செம்பருத்தியும் பிச்சியும் வைக்கலாம்.

அரளியைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி ஆகிய மூன்றும் இலை, பூ, விதை என்று எல்லாப் பாகத்திலும் இதயத்தைத் தாக்கும் நச்சுடையவை. தவழும் குழந்தையும் அவிழ்த்துவிட்ட ஆடும் உள்ள வீட்டில், உப்புத் தண்ணீருக்கு அது எவ்வளவு பொருத்தமானாலும், சங்கங்குப்பியோ காகிதப்பூவோ வைப்பதே சரி. உன்னிச்செடியின் வண்ணப் பூவைப் பார்த்து மயங்கி நடுவதும் வேண்டாம். பாபநாசம், களக்காடு மலைக்காடுகளுக்குள் புகுந்து பிற செடிகளை நெருக்கிக்கொண்டிருக்கும் களை அது, பறவைகள் விதையைச் சுமந்து செல்லும்.

வளர்ந்தபின் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதைக் கேட்டுக்கொள்வது அவசியம். பவளமல்லி பத்தடிக்கு மேல் போகும் என்பதை அறியாமல் ஜன்னலுக்கடியில் வைத்துவிட்டு வருடாவருடம் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் சுவரிலிருந்து மூன்றடியாவது விட வேண்டும்.

வாங்குவதும் நடுவதும்

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டபின் ஊர்க்கோயில் நந்தவனத்தையோ பழைய பள்ளிக்கூட வளாகத்தையோ ஒரு முறை சுற்றி வாருங்கள். அதே தண்ணீரில், யாரும் பெரிதாகக் கவனிக்காமல் பல வருடம் நிற்கும் செடிதான் உங்களுக்கும் நிற்கும். நர்சரியில் பூத்துக் குலுங்கும் செடியை எடுப்பதைவிட, பூவில்லாமல் அடியிலிருந்தே மூன்று நான்கு கொப்பு விட்ட செடியை எடுப்பது மேல். பையின் அடித்துளை வழியே தடித்த வேர் வெளியே வந்து சுருண்டிருந்தால் வேண்டாம். நம் நர்சரிகளுக்கு வரும் செடிகளில் பல ஆந்திரத்தின் கடியம் பகுதியிலிருந்து லாரியில் வருபவை. வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இறுகியிருந்தால், நடும்போது அதன் வெளிப்பக்கத்தை நீரில் நனைத்து மெல்லத் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் தேரி மணலில் சுற்றிலும் ஈரமிருந்தும் உருண்டைக்குள் நீர் இறங்காமல் செடி காயும். நிழல்வலைக்கடியில் வளர்ந்ததை வாங்கி வந்த அன்றே மேற்கு வெயிலில் நடாமல், ஒன்றிரண்டு வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் பழக்குங்கள்.

நடும் காலத்தைப் பொறுத்தவரை, ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழியைப் புதர்ச்செடிக்கு நெல்லைச் சமவெளியில் பின்பற்ற வேண்டியதில்லை. ஆடி இங்கே காற்றைத்தான் கொண்டுவரும். புரட்டாசிக் கடைசியில் மேட்டைத் தயார் செய்து, முதல் மழை மண்ணை நனைத்தபின் ஐப்பசியில் நட்டால், தை வரை வேர் இறங்க அவகாசம் கிடைக்கும். கரிசலில் மழை வலுக்கும் முன்பே நட்டுவிட வேண்டும், ஏனெனில் ஈரக் கரிசலை மிதித்து வேலை செய்தால் அது செங்கல்லாக இறுகிவிடும். தென்காசி, செங்கோட்டைக்காரர்கள் ஆனிச் சாரலிலேயே நடலாம். பையில் இருந்த மட்டத்துக்கு மேல் தண்டை மண்ணில் புதைக்காமல் நட்டு, முதல் கோடை முழுவதும், ஆவாரை, விராலி உட்பட எந்தச் செடியானாலும், வாரம் இரு முறை நீர் விட வேண்டும். வறட்சி தாங்கும் செடி என்று பெயர் வாங்கியவை அந்தப் பெயரை வேர் ஆழம் போனபிறகுதான் காப்பாற்றுகின்றன. உரத்தைப் புதுத்தளிர் இரண்டு சுற்று விட்டபின் கொடுத்தால் போதும்.